இரண்டாயிரம் கிலோவும் ஏழு இருக்கைகளும்

தானே எழுதிய ஓர் எண்ணுக்கு ஒரு மனிதர் எவ்வளவு தூரம் கட்டுப்பட்டவர்? பிறர் போட்ட விதியை மீறும்போது பயம் இருக்கிறது, பிடிபடும் வாய்ப்பும் இருக்கிறது. தன் கையால் எழுதியதைத் தன் கையாலேயே அழித்துவிட்டு வேறொன்று எழுதினால் யாரிடம் பிடிபடுவது? எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் லிஃப்ட் பரிசோதகரின் வாழ்க்கை இந்தக் கேள்வியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தது. அவர் இதைத் தனக்குள் கேட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கேள்வி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னைப் போன்றவர்களின் பழக்கம். அவர் அளப்பவர்.

இருபத்தாறு வருடங்களாக அவருக்கு ஒரே வேலை. மருத்துவமனை, கடை, அடுக்குமாடி என்று ஒவ்வொரு கட்டடமாகப் போவார். லிஃப்டுக்குள் இருபத்தைந்து கிலோ இரும்புக் கட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றச் சொல்வார். மேலே அனுப்புவார், கீழே இறக்குவார், நடுவில் நிறுத்துவார். கடைசியில் உள்ளே ஒரு சின்ன உலோகத் தகட்டில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று பொறிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுவார். அவர் கணக்கில் மனிதர் என்றால் அறுபத்தெட்டு கிலோ. அதற்கு மேல் இருப்பவர்களையும் கீழே இருப்பவர்களையும் பார்த்தவுடன் மனதுக்குள் எடை சொல்லிக்கொள்வார். அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று கல்யாணமான முதல் வருடத்தில் மனைவி கற்றுக்கொடுத்தார். கட்டடத்தில் அவருக்குப் பெயர் ‘கிலோ சார்’. அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

எங்கள் கட்டடம் குறுகலான மனையில் எழுந்தது. கார்கள் அடித்தளத்துக்கு இறங்கச் சரிவுப் பாதை போட இடமில்லை. அதனால் கார்களுக்கென்றே ஒரு லிஃப்ட். ஒரு நேரத்தில் ஒரு கார், அதற்குள் ஓட்டுபவர் மட்டும். அதைச் செய்தவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோ தாங்கும் என்று சொல்லியிருந்தார்கள். நான் சொல்லப்போகும் நிகழ்ச்சிக்கு மூன்று வருடம் முன்பு நடந்த சோதனையில் இரண்டாயிரத்து முந்நூறு கிலோ ஏற்றியபோது மேடையின் இடது பக்கம் ஒரு விரற்கடை கீழே உட்கார்ந்தது. அங்கிருந்த யாருக்கும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் குனிந்து ஒரு கோலிக்குண்டை மேடையில் வைத்தார், அது இடது பக்கம் உருண்டது. அன்று அவர் எழுதிய எண் இரண்டாயிரம்.

அந்த எண்ணால் பாதிக்கப்பட்டவர் ஒரே ஒருவர், ஐந்தாவது மாடிப் பல் டாக்டர். அவருடைய பெரிய கார் இரண்டாயிரத்து இருநூறு. அன்றிலிருந்து அது தெருவில், எதிர்ச் சுவரோரத்து மரத்தடியில் நின்றது. அந்த மரத்தில் பறவைகள் கூட்டமாகத் தங்கும். கறுப்புக் கார் மெல்ல மெல்லப் புள்ளி விழுந்த காராக மாறியது. டாக்டர் தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரோடு இறங்கி வருவார். எதிரே பரிசோதகர் வந்தால், “கிலோ சார், நேத்து ராத்திரி மட்டும் என் வண்டி அரைக் கிலோ கூடியிருக்கு, பாருங்க” என்பார். பரிசோதகர் பார்த்துவிட்டு, “அவ்வளவு இருக்காது டாக்டர்” என்று பதில் சொல்வார். கேலிக்கும் அளவாகத்தான் பதில் வரும்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து லிஃப்டின் கம்பி வடங்களை மாற்றினார்கள். மறுசோதனை செய்து எண்ணை உயர்த்தலாமே என்று டாக்டர் கேட்டார். செய்யலாம், அதற்குக் குடியிருப்போர் சங்கம் கட்டணம் கட்ட வேண்டும் என்றார் பரிசோதகர். ஒருவர் வசதிக்காகப் பதினாலு வீட்டுப் பணமா என்று சங்கம் கைவிரித்தது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பரிசோதகரும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. விதி என்ன என்று சொன்னதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்தார் போலும். இதை நான் அவருடைய நல்ல குணங்களில் சேர்ப்பதில்லை.

அவருடைய சொந்தக் காருக்குப் பத்தொன்பது வயது. நான்கு கதவுகளில் இரண்டு உள்ளேயிருந்து திறக்காது. ஓட்டுபவர் பக்கத்துக் கண்ணாடி பாதிதான் இறங்கும். மனைவி சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் மையத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். காலை ஆறு மணிக்கு முதல் வரிசை நோயாளிகள் படுத்துவிட வேண்டும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பேருந்து கிடையாது. ஒரு நாள் கார் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. மழை. கதவு திறக்காமல் மனைவி பக்கத்து இருக்கை வழியாக ஏறிக் குதித்து மீதி இரண்டு கிலோமீட்டர் ஓட்டமும் நடையுமாகப் போனார். மூன்று பேர் நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். அந்த மையத்தில் காத்திருப்பவர்களுக்கு நாற்பது நிமிடம் என்பது நீண்ட நேரம்.

அன்று வீட்டுக்கு வந்தவர் ஈரச் செருப்பைக் கழற்றாமலே சொன்னார்: “என்னங்க, இந்த வண்டிய நம்பி இனிமே நான் வேலைக்குக் கிளம்ப மாட்டேன். ஒண்ணு புது வண்டி, இல்லன்னா நான் வேலைய விடணும்.”

“வாங்கிடலாம்,” என்றார் அவர்.

வாங்கிடலாம் என்ற அந்தச் சொல்லுக்கும் வங்கியில் பேனாவை எடுத்ததற்கும் இடையே ஏழு மாதங்கள் கழிந்தன. அவருக்கு ஓர் அக்கா. அரை மணி நேரத் தொலைவில் கணவரோடும் இரண்டு மகன்களோடும் இருக்கிறார். செய்தி கேட்டதும் போனில் சொன்னார்: “வாங்குறதுதான் வாங்குற, ஏழு சீட்டா வாங்குடா. எங்கயாவது போகணும்னா ரெண்டு வண்டி கட்டிக்கிட்டு அலைய வேண்டாம். எல்லாரும் ஒண்ணா போகலாம்.”

இவர்கள் மூன்று பேர், பரிசோதகர், மனைவி, பள்ளிக் கடைசி வகுப்பில் இருக்கும் மகள். அக்கா வீட்டில் நான்கு பேர். கூட்டினால் ஏழு. கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்ததால் பரிசோதகர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஷோரூம்களில் அவரைப் பார்த்து ஓடி ஒளிந்தார்கள் என்று மகள் சொல்வாள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அவர் ஓட்டுநர் இருக்கையில் கடைசியாகத்தான் உட்கார்ந்தார் என்பது உண்மை. முதலில் மூன்றாவது வரிசை. முழங்காலுக்கும் முன் இருக்கைக்கும் எவ்வளவு இடைவெளி, தரையிலிருந்து படி எத்தனை அங்குலம், பின்கதவு முழுதாகத் திறந்தால் எவ்வளவு உயரம், எல்லாம் குறிப்பேட்டில் ஏறின. இவரைக் கவனித்துக்கொண்ட ஷோரூம் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். ஆளைப் பார்த்துப் பேசத் தெரிந்தவர். நாலாவது முறை போனபோது, “சார், காரை நீங்க வாங்கப் போறீங்களா, இல்ல சர்டிபிகேட் கொடுக்கப் போறீங்களா?” என்று கேட்டார்.

“ரெண்டும்தான்,” என்றார் இவர், சிரிக்காமல்.

கடனையும் அதே மாதிரிதான் ஆராய்ந்தார். ஷோரூம்காரர்கள் காட்டிய கடனில் வட்டி குறைவாகத் தெரிந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தபோது, கட்டி முடித்த அசலுக்கும் சேர்த்தே கடைசி மாதம் வரை வட்டி போடுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். வங்கியில் வட்டி கூடுதலாகத் தெரிந்தாலும் பாக்கி இருக்கும் தொகைக்கு மட்டும்தான். கூட்டிக் கழித்தால் வங்கிதான் மலிவு. அந்த அம்மாளிடம் தாளை நீட்டிக் காட்டினார். அவர் தாளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், “இதை இன்னொரு கஸ்டமர் கிட்ட காட்டிடாதீங்க சார்” என்றார்.

சேமிப்பிலிருந்து முன்பணம், மீதிக்கு ஏழு வருடக் கடன். மாதத் தவணை அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. மகள் விரல் விட்டு எண்ணினாள். “நான் காலேஜ் முடிச்சு, வேலைக்குப் போயி, அந்த வேலை பிடிக்காம வேற வேலைக்கும் போயிருப்பேன். அப்பவும் அப்பா இந்த வண்டிக்குக் கட்டிக்கிட்டு இருப்பாரு.” மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கார் லிஃப்டின் எண்ணை அவர் மறந்துவிட்டார் என்று யாராவது நினைத்தால் தவறு. முதல் நாளே பார்த்தார். காரின் விவரப் புத்தகத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது கிலோ என்றிருந்தது. தகட்டில் இரண்டாயிரம். நாற்பது கிலோ மிச்சம் என்று குறித்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மூடினார். அவர் தொழிலில் எடை என்று ஓர் எண் எழுதியிருந்தால் அதற்குள் எல்லாம் அடக்கம். ஆள், சாமான், எல்லாம். எண்ணுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருப்பார் என்று இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட அவர் நினைக்க வேண்டி வந்ததில்லை.

வங்கியில் கடன் பிரிவு அதிகாரிக்குக் கழுத்துப் பிடிப்பு. யாரைப் பார்ப்பதென்றாலும் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். பதினோரு கையெழுத்துகள். மூன்று முடிந்தன. நான்காவது தாள் வாகனத்தின் விவரம். வெற்று எடை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. கீழே பொடி எழுத்தில்: ஓட்டுநர், எரிபொருள், கூடுதலாகப் பொருத்துபவை நீங்கலாக.

பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

“சார், பேனா எழுதலையா?” என்றார் அதிகாரி.

“எழுதுது.”

“அப்புறம்?”

“இந்த நம்பர்ல ஆள் சேரலையா?”

“எந்த ஆள்?”

“ஓட்டுற ஆள்.”

அதிகாரி உடம்போடு திரும்பினார். “வண்டியோட ஆளும் சேர்த்தா சார் விப்பாங்க? வாங்கினப்புறம் நீங்கதான் ஏறி உட்காரணும்.”

“மூணு நாள் டைம் கொடுங்க.”

“மூணு நாள்தான் சார் இருக்கு. மாசக் கடைசியோட இந்த அனுமதி முடிஞ்சிடும். அப்புறம் மறுபடி முதல்லேருந்து.”

தாள்களை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி வேலையிலிருந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். மகள் எதிரே புத்தகத்தோடு. அவர் குறிப்பேட்டைத் திறந்து இருவர் முன்னாலும் கூட்டினார். வண்டி 1,960. நிறைய எரிபொருள் போட்டால் 41. மேல் கம்பி, தரை விரிப்பு, மற்றவை 24. அவர் 81. மொத்தம் 2,106.

“நூத்தாறு கிலோ அதிகம்,” என்றார்.

“நான் ஓட்டினா?” என்றார் மனைவி.

“நீ அம்பத்தெட்டு. அப்பவும் எண்பத்துமூணு அதிகம்.”

“அம்பத்தேழு.”

“நேத்து வரைக்கும்.”

மகள் புத்தகத்தை மூடினாள். “அப்பா, பெட்ரோலே போடாம, உள்ள ஆளே உட்காராம, நாம எல்லாரும் வெளியே நின்னு தள்ளினா?”

அவர் எண்களைப் பார்த்தார். “போகும். பதினாறு கிலோ மிச்சம். ஆனா தள்ளினவங்க மேடையை விட்டு இறங்கிடணும்.”

மகள் சிரித்து முடிக்க நெடுநேரம் ஆனது. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது தெரிந்ததும் மறுபடி ஆரம்பித்தாள். ஆனால் மேசையில் மற்ற இருவரும் சிரிக்கவில்லை. மூன்று நாளில் அனுமதி போய்விடும். கடனுக்கு முதலிலிருந்து ஆரம்பித்தால் இன்னும் இரண்டு மாதம். பழைய கார் அன்று காலையிலும் இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் கிளம்பியது. தெருவில் நிறுத்தலாம் என்றால் இருந்த ஒரே இடம் டாக்டருடையது.

மகள் படியில் யாரிடமோ சொல்லிவைத்தாள் போலிருக்கிறது. மாலை ஆறரைக்குச் சங்கச் செயலாளரும் பல் டாக்டரும் வந்துவிட்டார்கள். செயலாளர் காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு சுற்றி வளைக்காமல் சொன்னார்: “நம்பர் நீங்க போட்டது. நீங்களே மாத்துங்க. கையெழுத்து வாங்க ஆள் தேட வேண்டியதில்லை, செலவில்லை. வடம் வேற புதுசு.”

“சோதனை பண்ணாம எப்படி?”

“சார், அதைச் செஞ்சவனே ரெண்டாயிரத்து ஐநூறுன்னான். நீங்க ரெண்டாயிரத்து இருநூறுன்னு போட்டா அதுவும் குறைச்சல்தான்.”

டாக்டர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “பாருங்க கிலோ சார், மூணு வருஷமா பறவைங்களுக்கு நான் கழுவி விட்டுட்டு இருக்கேன். உங்க மேல கோபம் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னிக்கு நீங்க மாத்தினா, உங்களுக்காக மாத்தினீங்கன்னு நான் எங்கயும் சொல்ல மாட்டேன். வாயே திறக்க மாட்டேன்.”

“பல் டாக்டர் வாயைத் திறக்க மாட்டேங்கிறாரு,” என்று மகள் உள்ளே இருந்து முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

பரிசோதகர் சிரிக்கவில்லை. முடியாது என்று சொல்வார் என்று மனைவி எதிர்பார்த்தார். மகளும் எதிர்பார்த்தாள். மூன்று வருடம் முன்பு இதே டாக்டர் இதே அறையில் கேட்டபோது அரை நொடியில் முடியாது என்றவர் அவர். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு, “யோசிச்சுச் சொல்றேன்” என்றார்.

தன் கணவர் யோசிக்கிறார் என்பது அந்த அம்மாளை எவ்வளவு பயமுறுத்தியது என்பதைப் பின்னால் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னார். “அவரு மாத்தினா தப்பா, ரைட்டா எனக்குத் தெரியாது. ஆனா மாத்திட்டு வந்து எங்கூட உட்கார்ந்து சாப்பிடுற ஆள் வேற ஆளா இருப்பாரேன்னு இருந்துச்சு.”

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அந்த அம்மாள் வேலைக்குக் கிளம்பினார். கணவர் படுக்கையில் இல்லை. அந்த அம்மாள் அடித்தளத்தில் பழைய காரை எடுத்து, லிஃப்ட் மேடையில் ஏற்றி, மேலே வந்தார். கதவு திறந்ததும் எதிரே கணவர். பனியனோடு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, கார் லிஃப்டுக்கு வாசல் சுவரில் பதித்திருந்த தகட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தகட்டின் நான்கு மூலைகளிலும் நான்கு திருகாணிகள்.

“என்னங்க பண்றீங்க?” என்றார் பாதி இறங்கிய கண்ணாடி வழியாக.

அவர் தகட்டின் தூசியைக் கட்டை விரலால் துடைத்தார். பிறகு முதல் திருகாணியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். எந்தப் பக்கம் திருப்பப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அந்த ஒரு நொடி தன் இயந்திரங்களில் ஒன்று நின்றுவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்ததாகவும் அந்த அம்மாள் சொன்னார். அவர் வலது பக்கம் திருப்பினார். இறுக்கினார். நான்கையும் ஒவ்வொன்றாக ஒரு சுற்று இறுக்கினார்.

“இது ஆடிக்கிட்டு இருந்துச்சு,” என்றார். பிறகு, “அந்தப் பெரிய வண்டி வேண்டாம். நமக்குச் சரியா வராது. உனக்கு வருத்தமா இருக்கும்னு தெரியும்…”

அவருக்கு மேலே சொல்ல முடியவில்லை. காருக்குள்ளிருந்து வந்தது சிரிப்பு. ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் குலுங்கிச் சிரித்தார். ஹாரன் அழுந்தி, விடியாத நேரத்தில் கட்டடமே விழித்துக்கொண்டது. நான் எழுந்து ஜன்னலுக்கு வந்தது அப்போதுதான்.

“எனக்கு வருத்தமா? அந்த வண்டிய ஓட்டிப் பார்த்த அன்னிக்கே எனக்கு அது பிடிக்கலை. பின்னாடி பார்த்தா ஒரு கல்யாண மண்டபம் மாதிரி போய்க்கிட்டே இருக்கு. பெடல்ல என் கால் எட்டலை, முதுகுக்கு ரெண்டு தலகாணி வெச்சு உட்காரணும். காலங்காத்தால தனியா நான் ஒருத்தி, எனக்குப் பின்னாடி ஆறு காலி சீட்டு.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“ஏழு மாசம் அலைஞ்சீங்க. டேப்பும் நோட்டுமா. உங்களுக்கு அவ்வளவு ஆசைன்னு நெனச்சேன்.”

“எனக்கா? அக்கா கேட்டுச்சேன்னுதான்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மாள் மணியைப் பார்த்துவிட்டு, “தள்ளுங்க, நோயாளிங்க காத்திருப்பாங்க” என்று கிளம்பிப் போனார். பழைய கார் அன்று ஒரு தடவைகூட இருமவில்லை என்றும் சொன்னார். அதை நான் அப்படியே நம்பவில்லை.

அக்காவிடம் சொல்வதுதான் பாக்கி. பரிசோதகர் ஒன்பது மணி வரை காத்திருந்து போன் செய்தார். மகள் பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, ஏழு சீட்டு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்.”

“நெஜமாவாடா?” என்றார் அக்கா.

“கோபமா?”

“கோபமென்ன கோபம். உங்க மாமாவுக்கு மூணாவது வரிசையில உட்கார்ந்தா குமட்டும். முன்னாடி உட்காருங்கன்னா, பசங்க பின்னாடி உதைச்சுக்குவாங்க. எப்படிச் சொல்றதுன்னு ஏழு மாசமா முழிச்சிக்கிட்டு இருக்கேன்.”

“நீதானேக்கா ஏழு சீட்டுன்னு சொன்ன?”

“நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டா! நீ உடனே டேப்ப எடுத்துட்டுக் கிளம்பிட்ட. தம்பி நமக்காக இவ்வளவு பண்றானேன்னு வாயை மூடிக்கிட்டேன்.” அங்கே பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், “மாப்ளைக்கு என் நன்றியைச் சொல்லு” என்றது.

மகள் அன்று முழுவதும் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். “அம்மா அப்பாவுக்காக, அப்பா அத்தைக்காக, அத்தை அப்பாவுக்காக. உங்க யாருக்குமே வேண்டாத வண்டிக்கு நான் ரெண்டு வேலை மாறுற வரைக்கும் தவணை.”

மனிதர்கள் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுப்பதை நாம் அன்பு என்று புகழ்கிறோம். நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். அந்த வீட்டில் மூன்று பேர் விட்டுக்கொடுத்துச் சேர்ந்த எடை இரண்டாயிரத்து நூற்றாறு கிலோ. அதை ஒரு தகடு தடுத்திருக்காவிட்டால், அத்தனை அன்பும் ஏழு வருடம் அடித்தளத்தில் நின்றிருக்கும்.

அன்று மதியமே பரிசோதகர் ஷோரூமுக்குப் போனார். இந்த முறை டேப் இல்லை. மனைவியை வேலை முடிந்த கையோடு வரச் சொல்லியிருந்தார். “இவங்க உட்காரட்டும். இவங்களுக்கு எது சரியா இருக்கோ அது,” என்றார். மனைவி மூன்று கார்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நான்காவதாக ஒரு சின்னக் காரில் ஏறினார். ஐந்து இருக்கை, நீல நிறம். கால் எட்டியது. நான்கு கதவும் உள்ளிருந்து திறந்தன, அதை நான்கு தடவை திறந்து மூடிப் பார்த்தார். “இதுதான்,” என்றார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு மாதம் அலைந்தவர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார்.

முன்பணத்தை அப்படியே இதற்கு மாற்றிக்கொடுத்தார் ஷோரூம் அம்மாள். “என் சர்வீஸ்ல சின்ன வண்டி விக்கிறதுல இவ்வளவு நிம்மதி எனக்கு வந்ததே இல்ல சார்,” என்றும் சொன்னார். வங்கியில் தொகை குறைவதால் புது அனுமதி தேவைப்படவில்லை, வண்டி விவரத் தாள் மட்டும் மாறியது. கடன் நான்கு வருடம். தவணை சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு. நான்காவது தாள் வந்ததும் பரிசோதகர் மறுபடி நிறுத்தினார். கழுத்துப் பிடிப்பு அதிகாரி மெல்ல உடம்போடு திரும்பினார்.

“இந்தத் தடவை ஆளைச் சேர்த்துட்டேன்,” என்றார் இவர். ஆள், எரிபொருள், விரிப்பு எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு. மீதி எட்டுக் கையெழுத்துகளும் தடையில்லாமல் விழுந்தன.

மாதக் கடைசி நாள் நீலக் கார் வந்தது. பழைய காரை உதிரிபாகக் கடைக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போனார். முதல் நாள் காலையில் அந்த அம்மாள் ஐந்தரைக்கே மையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். கதவு திறக்க இன்னும் நேரமிருந்ததால் காரிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்டாராம். பல வருடங்களில் வேலைக்கு முன்னால் உட்கார்ந்தது அன்றுதான் என்றார். முகத்திலிருந்து ஒரு சுமை இறங்கியிருந்தது, பார்த்த எவருக்கும் தெரிந்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பரிசோதகர் சங்கச் செயலாளரிடம் ஒரு ரசீதைக் கொடுத்தார். கார் லிஃப்டின் மறுசோதனைக்குரிய கட்டணம், தன் பணத்தில் கட்டியிருந்தார். சோதிக்க வருபவர் தான் இல்லை, தன் அலுவலகத்தின் இன்னொரு பரிசோதகர் என்றும் சொன்னார்.

“இப்ப எதுக்கு சார்? உங்க வண்டிதான் குட்டி வண்டியாச்சே,” என்றார் செயலாளர்.

“அதனாலதான் இப்ப,” என்றார்.

இதைப் பாராட்ட வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். போன வருடமே செய்திருக்கலாமே என்றேன் நான். அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது சோதனையன்று அவர் நின்ற விதத்தில் தெரிந்தது. இரும்புக் கட்டிகள் ஏறின. இரண்டாயிரம். இரண்டாயிரத்து இருநூறு. இரண்டாயிரத்து நானூறு. வந்திருந்தவர் குனிந்து மேடையில் ஒரு கோலிக்குண்டை வைத்தார். அது வைத்த இடத்திலேயே நின்றது.

“அண்ணே, கல்லு மாதிரி நிக்குது,” என்றார் வந்தவர். “இதுக்கா நீங்க ரெண்டாயிரம் போட்டீங்க?”

“அப்ப வடம் பழசு.”

“வடம் மாத்தி ஒரு வருஷம் ஆச்சே.”

“ஆமா. ஒரு வருஷம் ஆச்சு,” என்றார் பரிசோதகர். கோலிக்குண்டைக் குனிந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

புதுத் தகட்டில் இரண்டாயிரத்து நானூறு. கீழே வேறொருவர் கையெழுத்து. அன்று மாலையே பல் டாக்டர் தன் பெரிய காரைக் கழுவித் துடைத்து, உள்ளே ஏறி, மூன்று வருடங்களில் முதல்முறையாக அடித்தளத்துக்கு இறங்கினார். இறங்கும்போது கண்ணாடியைத் திறந்து எங்களுக்கெல்லாம் கையசைத்தார். அடித்தளத்தில் இன்னும் இரண்டு இடம் காலியாகவே இருந்தது. நீலக் கார் தகட்டின் எண்ணில் பாதிதான்.

மறுநாள் காலை நான் ஜன்னலைத் திறந்தபோது நீலக் கார் தெருவில் நின்றது. எதிர்ச் சுவரோரம், மரத்தடியில், டாக்டரின் பழைய இடத்தில். கூரை மேல் அதற்குள் பத்துப் புள்ளிகள். பரிசோதகர் ஒரு வாளித் தண்ணீரோடு இறங்கி வந்து, மனைவி கிளம்புவதற்கு முன்னால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் கேட்டார். மகள் கேட்டாள், கேலியும் செய்தாள். ஒரு நாள் டாக்டரே தெருவைக் கடந்து போய், “கிலோ சார், கீழ இடம் சும்மாதானே கிடக்கு, எதுக்கு இது?” என்று கேட்டார். பரிசோதகர் துணியைப் பிழிந்து, மறுபடி வாளியில் முக்கி, முன் கண்ணாடியின் இடது மூலையிலிருந்து ஆரம்பித்தார்.

அடுத்த வாரத்தோடு ஒரு வருடமாகிறது. வடம் மாற்றிய பிறகும் டாக்டரின் கார் வீணாக இங்கே நின்றது ஒரு வருடம்தான். நீலக் கார் இன்னும் அங்கேதான் நிற்கிறது.